தீர்த்தபதியின் மலை

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒன்று, ஆற்றங்கரை முழுக்கக் குடில் போட்டு, சமைத்து, குளித்து, மூன்று நாலு நாள் காட்டுக்குள்ளேயே குடியிருந்த கதை. இன்னொன்று, ராஜாவைப் பார்த்த கதை. தலைப்பாகை, பட்டு அங்கி, மாலை என ராஜ உடையில் ஒரு முதியவர் வந்து உட்காருவார். பூக்குழி இறங்குகிறவர்கள் அவர் முன்னால்தான் இறங்குவார்கள். கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் முழுதாகத் தெரியாது. "மகாராசா வந்துட்டாவ" என்பதே போதும்.

முழுப்பெயர் கொஞ்சம் நீளம். தென்னாட்டுப் புலி நல்லகுட்டி சிவசுப்பிரமணிய சங்கர முருகதாஸ் தீர்த்தபதி. சிங்கம்பட்டி ஜமீனின் 31-ஆவது பட்டம். 1931-ல் பிறந்து மூன்றரை வயதில் முடிசூடிக்கொண்டவர். முறைப்படி முடிசூடிய ஜமீன்தார்களில் கடைசிவரை உயிரோடு இருந்தவர் என்பார்கள். 2020 மே 24 அன்று, ஊரடங்கு நாட்களில், காலமானார். அப்போது அவர் அணிந்த அந்தப் பட்டு உடைக்கும் அவர் உட்கார்ந்த அந்தக் காட்டுக்கும் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போய் 68 வருஷம் ஆகியிருந்தது. கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்கிற உரிமை மட்டும் மிஞ்சியிருந்தது.

ஒரு குடும்பத்துச் சொத்து எப்படி ஒரு கம்பெனியின் தோட்டமாகவும், ஒரு புலிகள் காப்பகமாகவும், ஒரு குலதெய்வத்தின் காடாகவும், சில ஆயிரம் பேருடைய பிறந்த ஊராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதுதான் சிங்கம்பட்டி மலையின் கதை. அம்பாசமுத்திரத்தில் எந்த மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தாலும் அந்த மலை தெரியும். மழை இறங்குவதைப் பார்த்துக் கொடியில் காய்கிற துணியை எடுக்க ஓடுவதற்குத்தான் பெரும்பாலும் அதைப் பார்க்கிறோம்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாமல் இந்தக் கதையில் எதுவுமே நகராது. தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிற வற்றாத ஆறு இது. அதற்குக் காரணம் இந்த மலைக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பது. தென்மேற்கு, முகட்டைத் தாண்டி வந்து நனைக்கிறது. வடகிழக்கு, முகத்தில் நேராக அறைகிறது. ஊத்து, நாலுமுக்கு என்ற பெயர்கள் மழைக்கால வானிலை அறிக்கையில் மாநிலத்தின் முதல் வரிசையில் வருவதை இப்போது எல்லோரும் பார்க்கிறோம். அந்த ஊர்கள் சிங்கம்பட்டி மலையில் இருக்கின்றன.

அந்த மழையைப் பிடித்துக் கீழே கொடுக்கிறது சோலைக்காடு. கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியில் கால்வாய் வெட்டினார், அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார் என்று. பசுவுக்கு நிலச் சரிவு தெரியும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. இந்தக் கால்வாய்களால்தான் இங்கே காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல். 1937-ல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கடையில் நாம் கேட்டு வாங்குகிற ஏ.எஸ்.டி. 16 அரிசியின் முதல் மூன்று எழுத்து வேறொன்றுமில்லை, அம்பாசமுத்திரம்தான்.

இந்த மலை எப்படி ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தது? நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்று சிங்கம்பட்டி. மறவர் குடும்பம். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா எட்டு வீட்டுப் பிள்ளைமாரோடு மோதிய காலத்தில் சிங்கம்பட்டி வாரிசு ஒருவர் உதவிக்குப் போய் உயிர்விட்டார், அதற்கு நன்றியாகத் திருவிதாங்கூர் கொடுத்ததுதான் மலை என்று குடும்ப வழக்கு சொல்கிறது. 'நல்லகுட்டி' என்கிற பட்டத்தையும் அந்தக் கதையோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். எல்லைப்புற மலையை ஒரு நம்பகமான ஆளிடம் விட்டுவைப்பது அரசர்களுக்கு நன்றிக் கடனாகவும் இருக்கும், கணக்காகவும் இருக்கும். தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கணவாய்க்குக் காவல் வேண்டும் அல்லவா.

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு கும்பெனியார் பாளையங்களை ஜமீன்களாக்கினார்கள். 1802-ஆம் வருஷத்துச் சட்டம். காவல்காரர் நிலக்கிழார் ஆனார். வருஷத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ் என்று நிரந்தரமாக முடிவு செய்து, அதைக் கட்டும்வரை நிலம் உன்னுடையது என்றார்கள். காடும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதுவரை காடு யாருடையது என்று காகிதத்தில் எழுதிவைக்கும் அவசியம் யாருக்கும் இருந்ததில்லை. காணிகள் அங்கே கிழங்கு போட்டார்கள், தேன் எடுத்தார்கள். அடிவாரத்து மாடுகள் மேய்ந்தன. அய்யனார் உட்கார்ந்திருந்தார். பாளையக்காரர் காவல் வரி வாங்கினார். இத்தனையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காக இருந்தது. ஜமீன் பட்டா அந்த அடுக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்து 'சொத்து' என்று பெயர் வைத்தது. என்னைக் கேட்டால் பின்னால் வந்த சண்டைகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது. 1929-க்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது என்று சொல்கிறவர்கள் இந்த 1802-ஐ மறந்துவிடுகிறார்கள்.

இனி, கொலைக் கேஸ். அம்பை பஸ் ஸ்டாண்டில் வயசாளி யாரைக் கேட்டாலும் மாஞ்சோலை வரலாறு இப்படித்தான் ஆரம்பிக்கும்: "வெள்ளைக்காரன் கொலைக் கேசுக்குத் துட்டு வேணும்னுதான் மலையக் குடுத்தாவ."

வாரிசு சிறுவனாக இருக்கும் ஜமீன்களைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்கிற அரசு அமைப்பு நிர்வகிக்கும். அந்தச் சிறுவர்களை இங்கிலீஷ் துரைகளாக வளர்க்க சென்னையில் நியூயிங்டன் என்று ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதன் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே. 1919 அக்டோபர் 15 இரவு, தூக்கத்தில் இருந்த அவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். சந்தேகம் மாணவர்கள்மேல் விழுந்தது. கடம்பூர் வாரிசு குற்றவாளிக் கூண்டில் ஏறினார். சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர் ஆனார். சென்னையில் பரபரப்பு தாங்காமல் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. கடம்பூர் விடுதலையானார். சுட்டது யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சினிமாவுக்கு ஏற்ற கதை. அதனாலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. கொலை நடந்தது 1919-ல். மலை குத்தகைக்குப் போனது 1929-ல். நடுவில் பத்து வருஷம். அப்ரூவருக்கு மன்னிப்பு கிடைத்துவிடும். வக்கீல் செலவு இருந்திருக்கும், கடன் வளர்ந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வழக்குக்காக ஒரு மலை போனது என்பது ஊர் வாய்க்குப் பிடித்த கணக்கு. ஆள் கைக்குச் சிக்காத பெரிய மாற்றங்களுக்கு ஒரு ஆளையும் ஒரு துப்பாக்கியையும் காரணமாக்கிவிட்டால் மனசுக்கு நிம்மதி. இதே சமயத்தில் ஆனைமலையிலும் நீலகிரியிலும் திருவிதாங்கூர் ஹைரேஞ்சிலும் காட்டை அழித்துத் தேயிலை போடாத மலை எது? சிங்கம்பட்டி கொலைக் கேஸில் சிக்காமல் இருந்திருந்தாலும் யாராவது ஒருவர் தேயிலைச் செடியோடு வந்து கதவைத் தட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். நெல் குத்தகையை நம்பி, மாறாத பேஷ்குஷ் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஜமீனுக்கு, ஆளே போகாத மழைக்காட்டுக்குப் பணம் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அது சாமி வரமாகத்தான் பட்டிருக்கும்.

வந்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். இந்தப் பெயரை ஊரில் பி.பி.டி.சி. என்று நாலு எழுத்தாகச் சுருக்கிவிட்டதால் அதற்குள் இருக்கும் பர்மாவை நாம் கவனிப்பதில்லை. 1863-ல் தொடங்கிய கம்பெனி. பர்மாவில் தேக்கு வெட்டியது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக மாண்டலே அரசவை அதற்கு 1885-ல் அபராதம் போட்டது. பிரிட்டன் அதைச் சாக்காக வைத்துப் படையெடுத்தது. சில வாரங்களில் பர்மாவின் கடைசி அரசர் தீபா, குடும்பத்தோடு கப்பலில் ஏற்றப்பட்டு, பிறகு ரத்னகிரிக்கு வந்து சேர்ந்தார். ஒரு ராஜாவின் நாடு போனதில் பங்கிருந்த கம்பெனி, நாற்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து வேறொரு சின்ன ராஜாவின் கதவுக்கு வந்தது. இந்த முறை பீரங்கி தேவைப்படவில்லை, பத்திரம் போதுமாயிருந்தது.

பத்திரத்தில் 8,373.57 ஏக்கர். 1929 பிப்ரவரி 12 முதல் 99 வருஷம். முடிவது 2028 பிப்ரவரி 11. அந்தப் புள்ளி ஐந்து ஏழைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். அட்டையும் யானையும் மேகமும் மட்டுமே இருந்த காட்டை யாரோ ஏக்கரில் நூறில் ஒரு பங்குவரை அளந்திருக்கிறார்கள். குத்தகை ஆரம்பித்து எட்டு மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. முப்பதுகளில் சென்னை மாகாணம் முழுக்க நெல் விலை படுத்துவிட்டது. அந்த நேரத்தில் மலைக் குத்தகைப் பணம் ஜமீனுக்கு எவ்வளவு பெரிய கைத்தாங்கலாக இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

காடு வெட்டி, நெருப்பு வைத்து, தேயிலை போட்டார்கள். காபி, ஏலமும் இருந்தன. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எஸ்டேட்டுகள் எழுந்தன. வேலைக்குத் திருநெல்வேலிக் கிராமங்களிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். கங்காணி, பெரட்டு, லைன் வீடு, கொழுந்து, கவ்வாத்து, தொரை என்று இலங்கையில் புழங்கிய அதே சொற்கள் இந்த மலைக்கும் வந்தன. நெல்லைச் சீமைக்கு இலங்கைத் தேயிலை புதிதில்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டி மருதியை அனுப்பியது அங்கேதான். ஒரு வேடிக்கை: சிங்கம்பட்டியின் இளைய ராஜா முருகதாஸ் படிக்கப் போனதும் கண்டிக்குத்தான், டிரினிடி கல்லூரிக்கு. அதே தேயிலை மலைகளுக்கு நடுவில் ஒருவர் கிரிக்கெட் மைதானம் உள்ள பள்ளிக்குப் போனார், ஆயிரக்கணக்கானவர்கள் லயத்துக்குப் போனார்கள்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1952-ல் சிங்கம்பட்டி அரசு வசமானது. அப்போது ராஜாவுக்கு இருபது, இருபத்தோரு வயது. கிராமங்கள் ரயத்துவாரியாயின. நெல் வயலில் உழுதவர்களுக்குப் பட்டா கிடைக்க வழி பிறந்தது. காடு அரசுக்குப் போனது. குத்தகை மட்டும் போகவில்லை. கம்பெனிக்கு நிலத்தின் உரிமையாளர் மாறினார், அவ்வளவுதான். நேற்றுவரை ஜமீனுக்குக் கட்டிய பணத்தை இன்று முதல் அரசுக்குக் கட்டினார்கள். ஜமீனை ஒழித்த சட்டத்தால், ஜமீன் செய்த ஒப்பந்தத்தை ஒழிக்க முடியவில்லை. கீழே உழுதவனுக்குக் கிடைத்த நியாயம் மேலே கொழுந்து பறித்தவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்கிற கேள்வியை அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அறுபதுகளில் இதே மலையை இன்னொருவர் பார்க்க ஆரம்பித்தார். காட்டுயிர்த் துறை. 1962-ல் முண்டந்துறை, புலிகளுக்கான சரணாலயம் ஆனது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வந்து சிங்கவால் குரங்கின் பின்னாலேயே காட்டில் அலைந்தார்கள். நம்மூரில் சோலைமந்தி என்றும் சொல்வோம். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். மரத்தைவிட்டு இறங்கப் பிடிக்காத பிராணி. அதற்குத் தொடர்ச்சியான மழைக்காடு வேண்டும். நடுவில் தேயிலை வந்து இடைவெளி விழுந்தால் இந்தப் பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கமே, அந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கமே. அதன் கடைசிப் பெரிய புகலிடங்களில் ஒன்று இந்த மலை என்று அவர்கள் எழுதினார்கள். 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது. 1988-ல் இரண்டையும் சேர்த்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதலாவது. அன்றைய பரப்பு 895 சதுர கிலோமீட்டர். அதன் வயிற்றுக்குள் ஏறக்குறைய 34 சதுர கிலோமீட்டர் தேயிலைக் கம்பெனியின் குத்தகை நிலம்.

பிறகு காக்காச்சிக் காட்டில் தொண்ணூறுகளிலிருந்து கணேஷ், சௌபத்ரா தேவி போன்ற ஆய்வாளர்கள் மரங்களின் பூவையும் காயையும் வருஷக் கணக்காக எண்ணினார்கள். வெடிப்பலா என்றொரு மரம் உண்டு, டுரியன் பழத்தின் உறவு. காட்டில் வேறு தீனி குறைகிற மாதங்களில் அது கிளை கிளையாகப் பூத்து நிற்கும். அதன் சதைப்பற்றான பூவைத் தின்ன மந்தி, குரங்கு, அணில், வௌவால் எல்லாம் வந்துசேரும். ஒரு மரம் பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டி மாதிரி காட்டையே தாங்குகிறது. இந்த மாதிரி ஒரு செய்தி கிடைக்க ஒருவர் கயிறு கட்டி மரத்துச்சியில் ராத்திரி உட்கார வேண்டியிருக்கிறது. அட்டைக் கடியோடு அந்த வேலையைச் செய்தவர்கள் பலர் தங்கியதும் டீ குடித்ததும் எஸ்டேட் ஊர்களில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காட்டுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு, அது சாமி பயம். பொதுவாக இதை எழுதுகிறவர்கள் 'கோயில்காடு' என்ற ஒரு சொல்லில் கடந்து போய்விடுவார்கள். சொரிமுத்து அய்யனார் விஷயத்தில் அது அவ்வளவு எளிதாக இல்லை. அங்கே அய்யனாரோடு சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, பட்டவராயன் எல்லாரும் இருக்கிறார்கள். பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பிராமணப் பையன். காட்டில் சக்கிலியக் குடியைச் சேர்ந்த வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கண்டு ஆசைப்பட்டான். பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாமனாரின் மாட்டுக்குக் காவல் போனான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். அந்தப் பெண்கள் சிங்கம்பட்டி அரசரிடம் போய் அனுமதி கேட்டுத் தீப்பாய்ந்தார்கள் என்று வில்லுப்பாட்டு சொல்லும். இந்தக் கதையில் ஜமீன் வருவது அந்த ஒரு இடத்தில்தான். தீயில் விழவும் மலைக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியிருந்தது.

இன்றும் பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. கட்டித் தொங்கவிடும் செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், சாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கிறார் என்பது நம்பிக்கை. இந்தக் கதையைப் பதிப்பித்த நாங்குநேரி நா. வானமாமலை ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் ஒரு ஒட்டு சேர்ந்திருக்கிறது. சாதி தாண்டிய ஒரு காதலைத் தாங்க முடியாமல் யாரோ கதைக்கே பூணூல் போட்டுவிட்டார்கள். 'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று யாராவது சொன்னால் இதனால்தான் எனக்கு எந்த வருஷத்துப் பாரம்பரியம் என்று கேட்கத் தோன்றும்.

லட்சக்கணக்கில் ஆள் சேருகிற திருவிழா புலிகள் காப்பகத்துக்குள் நடக்கிறது. பிளாஸ்டிக்கும் அடுப்புக்கு வெட்டும் விறகும் ஆற்றில் விடும் துணியும் காட்டுக்கு நல்லதில்லை. வனத்துறை வருஷா வருஷம் நாளைக் குறைக்கிறது, வண்டியைத் தடுக்கிறது, பையைச் சோதிக்கிறது. "எங்க சாமியக் கும்பிட எங்களுக்கே பாஸா" என்று மக்கள் கோபப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, சாமிக்கு நேர்ந்து வருகிறவன் வருஷத்தில் சில நாள் வருகிறான். இதே காப்பகத்துக்குள்ளிருந்துதான் தேயிலை லாரி வருஷம் முழுக்க இறங்கியது.

தேயிலை பறித்தவர்களின் பெயர் வெளியுலகுக்குத் தெரிய 1999 வர வேண்டியிருந்தது. கூலி உயர்வுக்காகத் தொடங்கிய போராட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கக் கேட்டு ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்கக் கூட்டம் ஆற்றில் இறங்கியது. 17 பேர் செத்தார்கள், அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. மலை மேலே எந்தத் தண்ணீரை நம்பித் தேயிலை வளர்ந்ததோ அதே தாமிரபரணி. இன்றும் ஜூலை 23-ல் பாலத்தின் அருகே வந்து ஆற்றில் பூப்போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வரிசையாகச் சட்டங்களும் அறிவிப்புகளும் வந்தன. 2007 டிசம்பரில் காப்பகத்தின் மையப் பகுதி புலிகளின் முக்கிய வாழிடமாக அறிவிக்கப்பட்டது. 2016-ல் அகத்தியமலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் சேர்ந்தது. 2018-ல் சிங்கம்பட்டி ஜமீன் காடு காப்புக்காடானது. ஜமீன் போய் அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அரசாணையில் அந்தக் காட்டுக்குப் பெயர் 'ஜமீன் காடு'தான். குத்தகை 2028-ல் முடியும் என்பது உறுதியானது. கம்பெனி அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. 2024-ல் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளைக் கொடுத்தது. ஜூன் நடுவில் கொழுந்து பறிப்பது நின்றது. வீட்டையும் காலி செய்ய வேண்டும். மூன்று, நாலு தலைமுறையாக இருந்தவர்கள். 'விருப்ப' என்கிற சொல்லை அந்தத் தாளில் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

வழக்கு போனது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு காட்டின் பக்கம் நின்றது. அது காட்டு நிலம், காடாகவே திரும்ப வேண்டும், தொழிலாளர்களுக்கு அரசு கீழே மறுவாழ்வு தர வேண்டும்.

எனக்கு இந்தத் தீர்ப்பின் முதல் பாதியோடு சண்டை இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, மலையிலும் கொட்டி, தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் முக்கி எடுத்ததைப் பார்த்த பிறகு, மேலே ஒவ்வொரு ஏக்கர் சோலையும் கீழே கடற்கரைவரை யாருக்கோ கவசம் என்பதில் சந்தேகம் வரவில்லை. ஆனால் காட்டை அழித்தது யார், லாபம் பார்த்தது யார், இப்போது காலி செய்வது யார் என்று மூன்று கேள்வி கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில் வரவில்லையே. ஜமீனுக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. கம்பெனிக்கு 95 வருஷ விளைச்சல் உண்டு. புலிக்குக் காடு உண்டு. கொழுந்து பறித்தவர்களுக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு, அதற்கும் விண்ணப்பம். காணிகளுக்காவது 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கேட்க ஒரு வழி இருக்கிறது. தோட்டத் தொழிலாளி அந்தச் சட்டத்தில் எந்த வரிக்குள் நிற்பது?

மலையில் பிறந்தவர்களோடு பேசினால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் நிலம்கூட இல்லை. அங்கே தேவாலயமும் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. கல்லறைகள் இருக்கின்றன. "எங்கப்பனப் பொதச்ச எடத்துக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்னாலும் இனி செக்போஸ்ட்டுல கையெழுத்துப் போடணுமா" என்பதுதான் கேள்வி. சிங்கம்பட்டி ராஜாவுக்கு மலை போன பிறகும் வருஷத்துக்கு ஒருநாள் ராஜ உடையில் வந்து உட்கார ஒரு இடம் இருந்தது. யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை, மரபு என்றார்கள். லைன் வீட்டுக்காரர்களின் தொண்ணூற்றைந்து வருஷத்துக்கு அந்தப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

தேயிலையைச் செடி என்றே நினைத்துப் பழகிவிட்டோம், அது மரம். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரா வாரம் கொழுந்து கிள்ளித்தான் அதை இடுப்பளவில் நிறுத்திவைத்திருந்தார்கள். இப்போது கை வைக்க ஆளில்லை. மாஞ்சோலைக்குப் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், நிரை கலைந்து செடிகள் ஆளுயரத்துக்கு எழும்பிவிட்டன, நடுவில் புதர் ஏறிவிட்டது, நடந்த தடம் தெரியவில்லை என்று. பழைய தேயிலைக்கு அடியில் சோலை மரக்கன்று எப்போது தலைகாட்டும், மந்தி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எப்போது தாவும் என்பதைப் பார்க்க இனி ஆய்வாளர்கள் வருவார்கள். அவர்களுக்கு வழிகாட்ட, எந்த நிரையில் எந்த வருஷம் எந்தச் செடி வைத்தது என்று தெரிந்த பெண்கள் கீழே அடுக்குமாடியில் இருப்பார்கள். 2028 பிப்ரவரி 11 ஒரு வெள்ளிக்கிழமை.